தண்டில் நகர்ந்த சாக்பீஸ் கோடு

11.1.82, திங்கள்

காலையிலிருந்து தூறல். மூங்கில் கம்பில் போட்ட துணி எல்லாம் திரும்ப உள்ளே. வீடு முழுக்க ஈர நாற்றம்.

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இது ஆய்வுக்கூடத்தில் கழித்துப் போட்ட லாக் புக். முதல் ஆறு பக்கத்தில் யாரோ போட்ட பம்பு கணக்கு. கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். எழுதும்படி எனக்கு எதுவும் நடந்ததில்லை. சனிக்கிழமை நடந்துவிட்டது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான்.

சனிக்கிழமை, வரிசையாக:

தெற்குத் தீவுகளுக்கு நடுவே எங்கள் மிதவை. மிதவைக்கு அடியில், நீரோட்டத்தில் சுற்றி மின்சாரம் எடுக்கிற டர்பைன். அதன் அடித்தட்டில் போல்ட்டுகள் லூஸ். முடுக்க ஒருவர் நீருக்குள் இறங்க வேண்டும். இறங்கியது சேவியர் அண்ணன். என் சொந்த அண்ணன். டைவர் வேண்டும் என்று என் மேலதிகாரி டாக்டர் சியா கேட்டபோது அவன் பெயரைச் சொன்னது நான்.

கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் நீரோட்டம் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த இடைவெளியில்தான் ஆள் இறங்கலாம். எப்போது நிற்கும் என்று பலகையில் எழுதுவது என் வேலை. எழுதினேன்: 11.10. இருபது நிமிடம் முன்னால் இறங்கு, இருபது நிமிடம் பின்னால் ஏறு.

10.50க்கு இறங்கினான். 11.15க்கு டர்பைன் சுற்ற ஆரம்பித்தது.

நீர் நிற்க வேண்டிய நேரத்தில்.

படகுக்காரர் பாக் மான் அவனோடு கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தார். இழுத்தார். மேலே வந்தான். இடது புறங்கையில் ஏழு தையல். மூச்சுக் குழாயில் ஒரு வெட்டு, பாதி ஆழம். ஒரு பிளேடு வளைந்துவிட்டது.

டர்பைனின் தண்டில் நான் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன், சுற்று எண்ணுவதற்காக. கோட்டைப் பற்றி இன்று எழுத முடியாது.

அம்மாவிடம் "கம்பி கிழிச்சிடுச்சு" என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

12.1.82, செவ்வாய்

மழை இல்லை. வீடு இருக்கிற மார்சிலிங்கிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், நின்றுகொண்டே.

டாக்டர் சியா (இனி டா.சி.) ரிப்போர்ட் எழுதிவிட்டார். என்னிடம் படிக்கக் கொடுத்தார். நீருக்குள் டைவரின் உடலோ கருவியோ பிளேடில் பட்டிருக்கலாம், அதனால் சுழற்சி தொடங்கியிருக்கலாம். வடகிழக்குக் காற்றால் ஓட்டம் முறை தவறியிருக்கலாம். மூன்று 'லாம்'.

"உனக்கு ஓகேவா?" என்றார். ஆங்கிலத்தில்தான். என்னோடு எப்போதும் மெதுவாகப் பேசுவார், நான் பயப்படுவேன் என்று.

தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்து இறங்குவது 23, சனிக்கிழமை. வளைந்த பிளேடை மாற்ற வேண்டும். சீனப் பெருநாள் முடிந்ததும் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். அமாவாசையை ஒட்டி வருகிறது, ஓட்டம் வேகமாக இருக்கும், நீர் நிற்பது கொஞ்ச நேரம்தான். எட்டு நாள் தள்ளினால் நல்லது. சொல்லவில்லை.

எனக்கே தெளிவாகட்டும் என்று எழுதி வைக்கிறேன்:

முதல் டிசைன், கப்பல் புரொப்பல்லர் மாதிரி. நீர் ஒரு பக்கம் ஓடினால் சரி. திரும்பினால் மக்கர்.

இரண்டாவது, செங்குத்தாக ஒரு தண்டு, அதைச் சுற்றி நின்றவாக்கில் மூன்று பிளேடு. நீர் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே பக்கம் சுற்றும். ஆனால் தானாகப் புறப்படாது. மேலே மோட்டார் வைத்துத் தள்ளிவிட வேண்டும். சோம்பேறி.

மூன்றாவது, அதே மூன்று பிளேடு, ஆனால் ஒவ்வொன்றும் கீலில் கொஞ்சம் சாயும். ஓட்டம் லேசாக இருந்தாலும் தானே புறப்படும். எவ்வளவு சாய வேண்டும் என்ற கணக்கு நான் போட்டது. நவம்பரில் தொட்டியில் முதல் தடவை அது தானாகச் சுற்றியபோது எல்லோரும் கை தட்டினார்கள். டா.சி. என் பெயரைச் சரியாக உச்சரித்தார், ஜெசிந்தா என்று. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில்.

இரண்டாவது டிசைனுக்குச் சுற்றாமல் நிறுத்தி வைக்கப் பூட்டு தேவைப்படவில்லை. தள்ளாமல் சுற்றாதே. மூன்றாவதற்கும் யாரும் பூட்டு போடவில்லை. நானும் நினைக்கவில்லை.

பாக் மான் அதை 'கிப்பாஸ்' என்பார், விசிறி. அண்ணனுக்கும் அது "உன் கிப்பாஸ்".

13.1.82, புதன்

சாப்பாட்டு நேரம். கேண்டீனுக்குப் போகவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன்.

அரசாங்கம் நேரத்தையே மாற்றியதால், வருடப் பிறப்பிலிருந்து ஊரே அரை மணி நேரம் முன்னால் போய்விட்டது. எல்லாக் கடிகாரத்தையும் தள்ளி வைத்தாயிற்று, எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரம் தவிர. அம்மா தொட விடவில்லை. "கவர்மெண்டு சொல்லிட்டா சோறு அரை மணி முன்னாலயே வெந்துடுமா?" என்கிறார். அதனால் வீட்டில் எப்போது மணி பார்த்தாலும் அரை மணி கூட்டிக்கொள்வோம். பத்து நாளில் பழகிவிட்டது. யோசிப்பதே இல்லை.

நீர் நிற்கிற நேரங்களைப் போட்ட நீரோட்டப் புத்தகம் போன வருடமே அச்சானது. அதில் இருப்பது பழைய நேரம் (ப.நே.). அரை மணி கூட்டினால்தான் புது நேரம் (பு.நே.).

சனிக்கிழமைக்கு நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் டைப்பிஸ்ட் மிஸஸ் கோ தட்டி வைத்திருந்த தாளைப் பார்த்தேன். அதில் 10.40. அரை மணி கூட்டினேன். 11.10.

இன்று இழுப்பறையில் வேறு எதையோ தேடியபோது புத்தகமே கையில் வந்தது. 9ஆம் தேதி, ப.நே. 10.10.

மிஸஸ் கோவிடம் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்குள் அவரே, "என்ன வேணும் ஜெஸி?"

"இந்தத் தாளில்… நேரம்…"

"அதெல்லாம் நான் கூட்டிட்டேன் லா! புது வருஷத்திலிருந்து எல்லாத்துக்கும் கூட்டித்தான் தட்டுறேன். உங்களுக்கு வேலை மிச்சம்." பெருமையாகச் சிரித்தார். அன்னாசி டார்ட் ஒன்று கொடுத்தார். கைக்குட்டையில் சுற்றிப் பையில் இருக்கிறது. தின்ன முடியவில்லை.

ஆக, நீர் நின்றது 10.40க்கு. அண்ணன் இறங்கியது 10.50க்கு. அவன் இறங்கும்போதே ஓட்டம் மறுபக்கம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிடமும் கூடிக்கொண்டிருந்தது. நான் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குறைகிறது குறைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காற்றால் இல்லை. அவன் கை படவில்லை. நான்.

14.1.82, வியாழன்

பொங்கல். எங்கள் மாதா கோயில் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் சிராங்கூன் ரோட்டில் நடக்க இடமில்லை. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பானை. ஒருத்தர் கரும்பு என் கன்னத்தில் இடித்துவிட்டு, "பாத்து வாம்மா!" என்று என்னைத் திட்டினார். நான் சாரி சொன்னேன்.

போனது கரும்புக்கு இல்லை. அதைத் தாண்டி ஜாலான் புசாருக்கு, இரும்புச் சாமான் கடைக்கு. லேத் வைத்திருக்கிறார்கள். டர்பைன் தண்டின் மேல் நுனி மிதவையின் தளத்துக்கு மேலே வருகிறது. அங்கே தண்டில் ஏற்கெனவே ஒரு துளை உண்டு, தூக்கி இறக்குவதற்காக. அந்தத் துளை வழியாகத் தளத்துச் சட்டத்தில் ஒரு எஃகு பின் குறுக்கே செருகிவிட்டால் சுற்றாது. அவ்வளவுதான். ஒரு பின். படம் வரைந்து எடுத்துப் போயிருந்தேன்.

கடைக்கார அங்கிள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ மொத்தமா? எந்தக் கதவைப் பூட்டப் போறே, அமோய்?" அமோய் என்றால் பொண்ணு.

"சுற்றாமல் இருக்க" என்றேன், மலாயில், தப்புத் தப்பாக.

"எது சுத்தாம இருக்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முகம் சூடாகிவிட்டது. புதன்கிழமை தருவதாகச் சொன்னார்.

யாரிடமும் கேட்காமல் செய்த முதல் காரியம். வெளியே வந்து கடை வாசல் ஐந்தடிப் பாதையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

16.1.82, சனி

வெயில். துணி காய்ந்தது.

அண்ணன் வீட்டில். கை கட்டோடு சோபாவில். அவனோடு கப்பல் அடி சுரண்டுகிற நண்பர்கள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். சமையலறையிலிருந்து கேட்டது:

"வயசாயிடுச்சு மச்சான். முப்பத்திரண்டு. வலது காது வேற அவுட்டு."

"கிப்பாஸைத் தொட்டுட்டு நிக்கிறான் பாரு, சின்னப் புள்ள மாதிரி!"

அண்ணனும் சிரித்தான். அவர்கள் போன பிறகு சிரிப்பு இல்லை. டீ கொண்டுபோய் வைத்தேன்.

"ஜெசி, நான் எங்கேயும் தட்டின ஞாபகமே இல்ல. ஸ்பேனர் கையிலதான் இருந்துச்சு. முதல்ல தண்ணி செத்த மாதிரி கிடந்துச்சு. அப்புறம் முதுகுல யாரோ தள்ளுற மாதிரி. அந்த நேரத்துல அப்படி இருக்கக் கூடாதுல்ல?"

நான் தட்டைத் துடைத்தேன்.

"உன் டைம் தப்பாப் போகாது. அப்ப நான்தான் தட்டியிருக்கேன். எனக்கே தெரியாம. அதான் பயமா இருக்கு. தெரியாம தட்டுறவன் கீழே போகக் கூடாது."

23ஆம் தேதிதான் கடைசி என்கிறான். அதற்கப்புறம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போகிறானாம். அம்மாவுக்கு ஒரே குஷி. மாதாவுக்கு மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டார்.

அவன் பள்ளியில் செகண்டரி டூவோடு நின்றவன். நான் படிக்கட்டும் என்று நின்றான். பட்டமளிப்பு அன்று என் கறுப்பு அங்கியைப் போட்டுப் பார்த்து, "இதைப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள போனா மூச்சு முட்டி செத்துருவேன்" என்றான். கடலுக்குள் மட்டும் அவன் யாரையும் கேட்டு நடப்பதில்லை. அங்கே அவனுக்கு எல்லாம் தெரியும். அதை நான் அவனிடமிருந்து எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். இரண்டு பேர். ஒருவர். வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொன்னால் எனக்கு லேசாகிவிடும். அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது. அது கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் மணியடிக்கக் கை எட்டவில்லை. "இறங்கணும்" என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி நடந்தேன். இப்படித்தான் நான். இப்படித்தான் அன்றைக்கும்.

19.1.82, செவ்வாய்

மேகமூட்டம்.

டா.சி.யிடம் சொன்னேன். வாயால் இல்லை. ஒரு தாளில் மூன்று வரி:

புத்தகம், ப.நே. 10.10.
மிஸஸ் கோ தாள், பு.நே. 10.40.
என் பலகை, 11.10. தவறு என்னுடையது.

அவர் மேசை மேல் வைத்துவிட்டு நின்றேன். வாசித்தார். திரும்ப வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு."

மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "இரண்டு கவனமான பெண்கள்" என்றார். "ஒருத்தியாவது சோம்பேறியாக இருந்திருந்தால் சரியாக இருந்திருக்கும்." பிறகு, "ரிப்போர்ட் மேலே போய்விட்டது. அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லையே. இந்தத் தடவை சரியான நேரம் போடு. போதும்."

போதும் என்றால் அறையை விட்டுப் போ என்று அர்த்தம். கால் நகரவில்லை. அது தைரியம் இல்லை, உண்மையாகவே நகரவில்லை.

"ரிப்போர்ட்டில் டைவர் தொட்டதாக இருக்கிறது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சார்… அவன் தொடவில்லை. இன்னொரு தாள் சேர்க்க வேண்டும்."

"அதில் என் கையெழுத்து இருக்காது. உன் கையெழுத்துதான். யோசித்துச் செய்."

பின்னைப் பற்றியும் சொன்னேன். படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர், "இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?" என்றார், என்னைக் கேட்கவில்லை. செருகிக்கொள்ளலாம் என்றார்.

பின் தாங்குமா என்று கணக்குப் போட்டேன். தண்டு சுற்றாது. ஆனால் பிளேடுகள் ஒவ்வொன்றும் தன் கீலில் சாயும், அதைப் பூட்ட வழியில்லை. ஓட்டம் வந்தால் விரல் நசுங்கும், ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே நேரம்தான் முக்கியம். திரும்பவும் நேரம். திரும்பவும் நான்.

என் தாளை மிஸஸ் கோதான் தட்டிக் கொடுத்தார். தட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் அடியில் ஒரு வரி போட்டிருக்கணும் லா, கூட்டியாச்சுன்னு." இல்லை இல்லை என்றேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றி இல்லை என்றோம். கையெழுத்துப் போட்டு ஃபைலில் சேர்த்தாயிற்று.

அண்ணனிடம் இன்னும் இல்லை.

20.1.82, புதன்

பின் கிடைத்துவிட்டது. கனம். எண்ணெய் வாசனை. அங்கிள் மெழுகுத்தாளில் சுற்றிக் கொடுத்து, "கதவு நல்லாப் பூட்டிக்கும்" என்றார்.

அண்ணன் டவுனில் தையல் பிரித்துவிட்டு வந்தான். ஜாலான் புசார் காப்பிக்கடையில் சந்திக்கச் சொல்லியிருந்தேன். வீட்டில் சொல்ல முடியாது, அம்மா இருப்பார். கடையில் ஒரே சத்தம். அவனுடைய நல்ல காது பக்கம் உட்கார்ந்தேன்.

சொல்லிவிட்டேன். சின்னச் சின்ன வாக்கியமாக. புத்தகம், தாள், பலகை. மேசை மேல் விரலால் எழுதியும் காட்டினேன். பத்து பத்து, பத்து நாப்பது, பதினொன்னு பத்து.

டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருக்கும்.

"அப்ப நான் தட்டல?"

"தட்டல."

"நிச்சயமா?"

"நிச்சயமாண்ணே. கிப்பாஸ் தானாப் புறப்பட்டுச்சு. நான் செஞ்சதே அதுக்குத்தான், தானாப் புறப்பட."

பெரிதாக ஒரு மூச்சு விட்டான். நான் அழுதேன். பக்கத்து மேசையில் ஒருவர் பார்த்தார்.

"மூக்கைத் துடை. நான் கை நீட்டி அடிச்சிட்டேன்னு நினைக்கப் போறாங்க."

அவ்வளவுதான். பஸ்ஸில் மார்சிலிங் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கையை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டான். புதுத் தோல் ரோஸ் நிறத்தில். திட்டியிருக்கலாம் என்று வழி முழுக்க நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினான், நேராகச் சமையலறைக்குப் போனான், ஸ்டூலைப் போட்டு ஏறினான். கடிகாரத்தின் முள்ளை அரை மணி தள்ளி வைத்தான்.

"டேய்! உங்கப்பா மாட்டினதுடா அது! யாரைக் கேட்டுத் தொட்டே?"

"மாட்டினது அப்பாதாம்மா. டைம் அவரோடது இல்ல."

அம்மா இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். சோறு சீக்கிரம் வைக்க வேண்டியதாகிவிட்டதாம்.

21.1.82, வியாழன்

விடியற்காலைப் படகு. நான், பாக் மான், இரண்டு பேர் மட்டும். நீர் நிற்கிற நேரத்தைக் கண்ணால் பார்க்காமல் இந்தத் தடவை எழுத மாட்டேன் என்று டா.சி.யிடம் சொல்லியிருந்தேன் (தாளில்).

இன்றைக்குப் புத்தகம், ப.நே. 8.25. அதாவது 8.55.

நூல் கட்டிய மரத்துண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். 8.40, நூல் இழுக்கிறது. 8.50, தளர்வு. 8.57, துண்டு நின்ற இடத்திலேயே நின்று மெதுவாகத் தலையைத் திருப்பியது. 9.10, மறுபக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டது. பச்சை நீர். அவ்வளவு சாதுவாக இருக்கிறது பார்க்க. அடியில் இருப்பது தெரியவே தெரியாது.

சரியாகத்தான் இருக்கிறது.

சுருட்டி வைத்திருந்த டைவர் கயிற்றைத் தாண்டப் போனேன். "ஏய், ஏய்!" பாக் மான் ஓடி வந்தார். கயிற்றை யாரும் தாண்டக் கூடாது, பெண்கள் தொடவே கூடாது. இது எனக்குத் தெரியும். முதல் நாளே சொன்னார். ஆறு மாதமாகச் சுற்றித்தான் போகிறேன். இன்று மறந்துவிட்டேன். அவர் கயிற்றை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து சுருட்டினார், கோபமாக இல்லை, அக்கறையாக.

தொடாவிட்டாலும் பார்த்துக் கற்றுக்கொண்டது:

ஒரு இழுப்பு, நல்லா இருக்கேன்.
இரண்டு, கயிறு விடு.
மூன்று, மேலே வர்றேன்.
நான்கு, தூக்கு.
மேலிருந்து கீழே நான்கு என்றால், வந்துவிடு, கேள்வி கேட்காதே.

அண்ணன் இன்று இரவுச் சோற்றுக்கு அப்புறம் வாய் திறந்தான். "சனிக்கிழமை டைம் யார் போடுறா?"

"டாக்டர் சியாவையே போடச் சொல்லலாம்னு இருக்கேன்."

"அவர் போட்டா நான் இறங்க மாட்டேன்."

"அண்ணே…"

"ஒரு தடவை தப்பாப் போட்டவ இன்னொரு தடவை பத்துத் தடவை பார்ப்பா. அவர் ஒரு தடவைதான் பார்ப்பார். நீ போடு." எழுந்து போகும்போது திரும்பி, "ஃபோர்க்லிஃப்ட் வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன். அம்மாகிட்ட நீ சொல்லு."

எல்லாப் பயங்கரமான வேலையும் எனக்கு.

22.1.82, வெள்ளி

மத்தியானம் அடைமழை, இப்போது விட்டுவிட்டது. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார். அண்ணன் குளித்துக்கொண்டிருக்கிறான், விசில் சத்தம்.

நாளைக்கு: புத்தகம், ப.நே. 9.50. கூட்டியது ஒரு தடவை. பு.நே. 10.20. இறங்குவது 10.00. ஏறுவது 10.40க்குள், எது நடந்தாலும்.

பார்த்தது பதினோரு தடவை. மிஸஸ் கோ தனியாகப் பார்த்து 10.20 என்று எழுதி, அடியில் "கூட்டியாச்சு" என்று சிவப்பில் போட்டிருக்கிறார். டா.சி. பார்த்தார், இரண்டு தடவை.

பையில்: பின், அதற்கு ஒரு உபரி பின், சுத்தியல், கைக்கடிகாரம் இரண்டு, மரத்துண்டு, நூல், சாக்பீஸ்.

சாக்பீஸ். இன்று எழுதிவிட வேண்டும், நாளைக்குப் போவதற்கு முன்னால்.

அன்று தண்டிலிருந்த கோட்டை முதலில் பார்த்தது நான். பாக் மான் இல்லை. டா.சி. ஜெனரேட்டர் பக்கம் குனிந்திருந்தார். கோடு என் பக்கம் இருந்தது. நகர்ந்தது. ஒரு விரல் அகலம். அப்புறம் இன்னொரு விரல். எனக்குப் புரிந்தது, உடனே புரிந்தது. கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கோடு கால் சுற்று போய்விட்டது. எழுந்து நின்றேன். வாயைத் திறந்தபடி. பாக் மான் என்னைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு சுற்றித் திரும்ப என் முன்னால் வந்தது. அப்போதுதான் கயிறு துடித்தது, கீழிருந்து, நான்கு. அவர் இழுத்தார்.

ஒரு முழுச் சுற்று. ஏழு தையலும் அந்த ஒரு சுற்றில்தான்.

நேரம் தப்பாவது யாருக்கும் நடக்கலாம், அது கணக்கு. இது வேறு. இதை டா.சி.யிடம் எழுதிக் கொடுக்கவில்லை. காப்பிக்கடையில் உன்னிடமும் சொல்லவில்லை. சொல்ல வந்தேன், நீ மூக்கைத் துடைக்கச் சொல்லிவிட்டாய்.

அண்ணே, நீ என்று எழுதிவிட்டேன். சரி, உனக்கே இருக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கிழித்து உன் கைக்கடிகாரத்துக்கு அடியில் வைக்கப் போகிறேன். குளித்துவிட்டு வந்தால் முதலில் அதைத்தான் எடுப்பாய்.

நேற்றிலிருந்து ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். படகிலேயே மனதில் வந்தது; கேட்க நினைத்தேன், சோற்றுக்கு முன்னால், சோற்றுக்குப் பின்னால், நீ ஃபோர்க்லிஃப்ட் பற்றிச் சொன்னபோது. பாக் மான் சம்மதிக்க மாட்டார். நீ சொன்னால் சம்மதிப்பார். அவர் எனக்குப் பின்னால் நிற்கட்டும், தூக்க அவர் பலம் வேண்டும். வேண்டுமானால் அதற்கப்புறம் கயிற்றை அவர் எத்தனை தடவையும் கடல் நீரில் கழுவிக்கொள்ளட்டும். நேற்று ராத்திரி சோபாக் காலில் துணிக்கயிற்றைக் கட்டி நான்கு நான்காக இழுத்துப் பார்த்தேன். சோபா நகர்ந்தது. அம்மா என்ன சத்தம் என்று கேட்டார்.

கத்த எனக்கு வராது, உனக்குத் தெரியும். இழுக்க வரும். கோடு ஒரு விரல் நகர்ந்தால் போதும், இழுத்துவிடுவேன், நேரம் என்ன ஆகியிருந்தாலும், நான் நினைத்தது தப்பாகவே இருந்தாலும்.

நாளைக்குக் கயிற்றை என் கையில் கொடுக்கச் சொல்லு, அண்ணே.